மாதாவுக்கு ஜென்மப் பாவம் இல்லையா? மாமியார் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி பக்கம் ஆர்.சி. குடும்பம், கல்யாணம் ஆகி வந்தது பாளையங்கோட்டைல ஒரு சி.எஸ்.ஐ. வீடு, அதாவது புராட்டஸ்டண்ட் குடும்பம். டிசம்பர் 8 அன்னைக்கு பூசைக்குப் போயிட்டு வந்தப்ப மாமியார் "இன்னைக்கு என்னம்மா விசேஷம்"னு கேட்டிருக்காங்க, இவங்க "மாதா ஜென்மப் பாவம் இல்லாம உற்பவிச்ச திருநாள் அத்தை"ன்னு சொல்லியிருக்காங்க. உடனே "எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களாகின்னு பவுல் எழுதியிருக்காரே, அந்த எல்லாருக்குள்ள மரியாள் வரமாட்டாளா, பாவமே இல்லன்னா அவளுக்கு இரட்சகர் எதுக்கு, அதுவும் 1854ல தான் உங்க போப்புக்கு இது தெரிஞ்சுதா"ன்னு கேள்வி வந்துருச்சு. இவங்களுக்கு பதில் வரல. கூடவே ஒரு வருத்தம், சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போன ஒரு கூட்டத்துல பிரசங்கியார் "குஞ்சு வெளிய வந்தப்புறம் முட்டை ஓட்டுக்கு என்ன மதிப்பு, மரியாளும் அப்படித்தான்"னு சொன்னாராம், அது ராத்திரி முழுக்க தூங்க விடலயாம்.

நான் கத்தோலிக்கன், பல வருஷமா மறைக்கல்வி வகுப்பு எடுக்கறவன், இந்தப் படிப்பினைய முழுசா விசுவசிக்கிறேன். ஆனா நம்ம பக்கம் இருக்கறவங்க சொல்ற சில பதில்கள் தப்பு, அதையும் சொல்லணும், இல்லன்னா உங்க மாமியார் அடுத்த நிமிஷமே மடக்கிடுவாங்க.

முதல்ல ஒரு குழப்பத்த எடுத்துருவோம். அமல உற்பவம்னா இயேசு கன்னி வயித்துல பிறந்தது இல்ல. நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. இது மரியா தன் அம்மா அன்னம்மா வயித்துல கருவான நேரத்தப் பத்தினது. அப்பா சுவக்கினுக்கும் அன்னம்மாவுக்கும் எல்லா பிள்ளையும் மாதிரி சாதாரணமாத்தான் உற்பவிச்சாங்க, ஆனா கருவான அந்த முதல் கணத்துலயே, ஆதாம்ல இருந்து எல்லாருக்கும் பிறப்போடயே வர்ற ஜென்மப் பாவத்தோட கறை படாம கடவுள் காப்பாத்தினார், அதுவும் இயேசு பின்னாடி சம்பாதிக்கப் போற பலன்கள முன்னிட்டு, இதுதான் 1854 டிசம்பர் 8 அன்னைக்கு ஒன்பதாம் பத்திநாதர் அறிவிச்சது. தேதியக் கணக்குப் போட்டுப் பாருங்க, டிசம்பர் 8ல இருந்து ஒன்பது மாசம் செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள், வேளாங்கண்ணி திருவிழா. இது ஜென்மப் பாவம் பத்தின பாதி. இன்னொரு பாதி கர்மப் பாவம், அதாவது அவங்க வாழ்க்கைல செஞ்ச பாவம், சாவான பாவம் அற்பப் பாவம் ரெண்டுமே கிடையாதுன்னு திரெந்து சங்கம்ங்கற கத்தோலிக்க ஆயர்கள் கூட்டம் 1547ல சொல்லிருச்சு, அது கடவுள் குடுத்த தனிச் சலுகைன்னும் சேர்த்துத்தான் சொன்னாங்க. ரெண்டும் வேற வேற. கிழக்குல இருக்கற ஆர்த்தடாக்ஸ் சபைகள் மாதாவ பனாகியா, முழுக்க முழுக்க பரிசுத்தமானவங்கன்னு கூப்பிடறாங்க, டிசம்பர் 9 அன்னைக்கு அன்னம்மா கருத்தரிச்ச திருநாளும் கொண்டாடறாங்க, ஆனா 1854 படிப்பினைய ஏத்துக்கறதில்ல, ஆதாமோட பாவம் நமக்கு எப்படி வருதுங்கறதயே அவங்க வேற மாதிரி புரிஞ்சு வச்சிருக்காங்க.

இப்ப இரட்சகர் கேள்வி, உங்க மாமியார் கேட்டதுலயே நல்ல கேள்வி இதுதான். ஏன்னா லூக்கா 1:47ல மரியாவே "என் ஆவி என் இரட்சகராகிய தேவனில் களிகூருகிறது"ன்னு பாடறாங்க. பாவமே இல்லாதவங்களுக்கு இரட்சகர் எதுக்கு? இதே கேள்விய கேட்டு அமல உற்பவத்த மறுத்தவர் யார் தெரியுமா, நம்ம புனித தோமா அக்குவினாஸ். மரியாவோட ஆன்மாவ ஜென்மப் பாவம் தொடவே இல்லன்னா அவங்களுக்கு கிறிஸ்துவோட மீட்பு தேவைப்பட்டிருக்காது, அப்ப எல்லாருக்கும் இரட்சகர்ங்கற கிறிஸ்துவோட மகிமை குறைஞ்சிரும்னு எழுதினார். தாய் வயித்துல உயிர் வந்தப்புறம் பிறக்கறதுக்கு முன்னாடி கடவுள் சுத்தப்படுத்தினார்ங்கறது அவர் கருத்து. அவருக்கு முன்னாடி புனித பெர்நார்து, மாதா மேல அவரளவு பாசம் வச்சவங்க குறைவு, அவர் 1140 வாக்குல லியோன் நகரத்துச் சாமியார்களுக்கு லெட்டர் போட்டு மாதா உற்பவிச்ச திருநாள்னு நீங்க ஏன் இந்தப் புதுத் திருநாள ஆரம்பிச்சீங்கன்னு கண்டிச்சார். அதனால உங்க மாமியார் கேட்டது மாதாவுக்கு எதிரான கேள்வின்னு நினைச்சு மனசு கஷ்டப்படாதீங்க, அவங்க நிக்கற இடத்துல பெரிய புனிதர்களே நின்னிருக்காங்க.

இதுக்குப் பதில் கண்டுபிடிச்சவர் டன்ஸ் ஸ்கோட்டஸ், ஸ்காட்லாந்துல பிறந்த பிரான்சிஸ்கன் துறவி, 1308ல இறந்தார். அவர் சொன்னத நம்ம பாஷைல சொல்றது ரொம்ப ஈசி, ஏன்னா நமக்கு மீட்கறதுங்கற வார்த்தையே அடகுக் கடைல இருந்து வர்ற வார்த்தை. நகை அடகுல போயிருச்சு, அண்ணன் பணம் கட்டி மீட்டுக் குடுத்தார், இது ஒரு வகை. இன்னொரு வீட்டுல நகையக் கழட்டி பொட்டலம் கட்டி கடைக்குக் கிளம்பப் போற நேரத்துல அண்ணன் வந்து கடன மொத்தமா அடைச்சிட்டார், நகை வாசல் தாண்டவே இல்ல. ரெண்டாவது வீட்டுக்காரங்க "எங்களுக்கு அண்ணன் எதுவும் செய்யல"ன்னு சொல்ல முடியுமா? அவங்கதான் அதிகமா கடன்பட்டவங்க. மரியாவும் மீட்கப்பட்டவங்கதான், மத்தவங்கள விட உயர்ந்த விதத்துல மீட்கப்பட்டவங்க, அவங்களுக்கு இயேசு இரட்சகர் மட்டுமில்ல நம்ம எல்லாரையும் விட பெரிய இரட்சகர், ஸ்கோட்டஸ் வாதம் இதுதான். சிலுவைக்கு முன்னாடியே சிலுவையோட பலன் எப்படிப் போய்ச் சேரும்னு கேட்டா, ஆபிரகாமும் தாவீதும் யாரால இரட்சிக்கப்பட்டாங்கன்னு திருப்பிக் கேளுங்க, கிறிஸ்துவாலதான்னு அவங்களே சொல்வாங்க. அப்ப பலன் பின்னோக்கிப் போறது புராட்டஸ்டண்டுகளுக்கும் புதுசு இல்ல.

"எல்லாரும் பாவஞ்செய்து" ரோமர் 3:23. இது பார்க்க பலமான வசனம், ஆனா வாதத்துக்கு அவ்வளவு பலம் இல்ல. பவுல் அந்த அதிகாரத்துல யூதனும் கிரேக்கனும் ரெண்டு பேருமே பாவத்துக்கு உட்பட்டவங்கன்னு நிரூபிச்சிட்டு வர்றார், ஒவ்வொரு ஆளா பேர் எடுத்து எண்ணல. இயேசுவும் மனுஷன்தான், அந்த எல்லாருக்குள்ள அவர் வரல. பிறந்த அன்னைக்கே செத்துப்போன குழந்தை என்ன பாவம் செஞ்சிருக்கும், அதுவும் இந்த வசனத்துக்குள்ள வராது. அதவிட ரோமர் 5:12 கனமான வசனம், ஒரே மனுஷனாலே பாவம் உலகத்துல வந்துச்சு, எல்லாருக்கும் மரணம் பரவிச்சுங்கறது. அங்கயும் கத்தோலிக்கர் பதில் ஒண்ணுதான், பொதுச் சட்டம் உண்மை, மரியாவும் அந்தச் சட்டத்துக்குக் கீழ வரவேண்டியவங்கதான், சட்டம் போட்டவர் விலக்கு குடுத்தார். விலக்கு குடுத்தார்ங்கறதுக்கு எழுத்துல ஆதாரம் எங்கன்னு அவங்க கேப்பாங்க. கேக்கறது நியாயம்.

அங்கதான் லூக்கா 1:28 வருது. உங்க வீட்டுல ரெண்டு பைபிள் இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மாமியார் பைபிள்ல "கிருபை பெற்றவளே, வாழ்க"ன்னு இருக்கும், உங்க திருவிவிலியத்துல "அருள்மிகப் பெற்றவரே வாழ்க"ன்னு இருக்கும், நீங்க ஜெபமாலைல "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு சொல்வீங்க, அது லத்தீன்ல இருந்து வந்தது. கிரேக்கத்துல இருக்கறது கெகாரிதோமெனேன்னு ஒரே வார்த்தை. ஏற்கனவே அருள் குடுக்கப்பட்டு அந்த நிலைமைல இருந்துட்டு இருக்கறவளேன்னு விரிச்சுச் சொல்லலாம். தூதர் மரியான்னு பேர் சொல்லிக் கூப்பிடல, பேர் இருக்க வேண்டிய இடத்துல இந்த வார்த்தைய வச்சார், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா நேர்மையா சொல்றேன், இந்த ஒரு வார்த்தைய வச்சு அமல உற்பவத்த நிரூபிக்க முடியாது. எபேசியர் 1:6ல இதே வினைச்சொல்ல பவுல் எல்லா விசுவாசிகளுக்கும் சேர்த்துப் போடறார். அருள் நிறைந்தவங்கன்னு காட்டுது, எந்தக் கணத்துல இருந்து நிறைஞ்சிருந்தாங்கன்னு அந்த வார்த்தை சொல்லல. நம்ம ஆளுங்க சிலர் கிரேக்க இலக்கணம் சொல்லியே எதிராளிய வீழ்த்திட்டதா நினைக்கறது எனக்குச் சரியாப் படல.

ஆதியாகமம் 3:15லயும் இப்படி ஒரு இக்கட்டு இருக்கு. மாதா சுரூபத்துல காலுக்குக் கீழ பாம்பு இருக்கும்ல, அதுக்கு மூலம் பழைய லத்தீன் வுல்காத்தா பைபிள், அதுல "அவள் உன் தலையை நசுக்குவாள்"ங்கற பொருள்ல இருந்துச்சு. எபிரேயத்துல ஆண்பால், பெண்ணோட வித்து, அதாவது சந்ததியக் குறிக்கறது. மாமியார் பைபிள்லயும் "அவர் உன் தலையை நசுக்குவார்"தான், நம்ம திருவிவிலியமும் "அவள் வித்து"ன்னு திருத்தமாத்தான் போட்டிருக்கு, ரோமே 1979ல வெளியிட்ட புது லத்தீன் பைபிள்ல அத மாத்திருச்சு. அதனால இத வச்சு சண்டைக்குப் போகாதீங்க. பெண்ணுக்கும் பாம்புக்கும் பகைங்கற முதல் பாதி இருக்குல்ல, கத்தோலிக்க வாதம் நிக்கறது அதுலதான், முழுப் பகைன்னா ஒரு கணம் கூட அந்தப் பக்கம் இருந்திருக்கக் கூடாதுங்கறாங்க. அதோட 2ம் நூற்றாண்டுலயே ஆதித் திருச்சபை ஆசிரியர்கள் யுஸ்தீனும் இரனேயுவும் மரியாவ புது ஏவாள்னு சொல்லிட்டாங்க, ஏவாள் கீழ்ப்படியாமைல போட்ட முடிச்ச மரியா கீழ்ப்படிதலால அவிழ்த்தாங்கன்னு. முதல் ஏவாள் பாவம் இல்லாமத்தான் படைக்கப்பட்டா, ரெண்டாவது ஏவாள் அதவிடக் குறைஞ்ச நிலைலயா ஆரம்பிப்பாங்கன்னு 19ம் நூற்றாண்டுல கர்தினால் நியூமன் கேட்டார், அவர் ஆங்கிலிக்கன் சபைல இருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர். என்னை விசுவாசத்துல உறுதிப்படுத்துனது லூக்கா 1:28 இல்ல, இந்தக் கேள்விதான்.

அதே இரனேயு கானா கல்யாணத்துல மரியா அவசரப்பட்டாங்க, இயேசு அதத் தடுத்தார்னும் எழுதியிருக்கார். ஒரிஜன் இன்னும் மேல போய், உன் உள்ளத்த ஒரு வாள் ஊடுருவும்னு சிமியோன் மரியாகிட்ட சொன்னாரே, அந்த வாள் சந்தேகம்தான், சிலுவை நேரத்துல மரியாவும் இடறிட்டாங்கன்னார். பொன்வாய் அருளப்பர் (கிறிசோஸ்தோம்), கூட்டத்துக்கு வெளிய நின்னு மகனக் கூப்பிட்டு அனுப்புன இடத்துல மரியாகிட்ட கொஞ்சம் வீண்பெருமை இருந்துச்சுன்னு பிரசங்கம் பண்ணினார். இவங்கள்லாம் திருச்சபைத் தந்தையர். ஆதித் திருச்சபைல இருந்தே எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இந்தப் பக்கம் சிரியாவுல எப்ரேம் 4ம் நூற்றாண்டுல, ஆண்டவரே உம்மிடத்துலயும் உம்ம தாயிடத்துலயும் மட்டும்தான் கறை இல்லன்னு பாடினார். மனுஷன் தன் முயற்சியாலயே பாவமில்லாம வாழ முடியும்னு சொன்ன பெலாஜியுவுக்கு அகுஸ்தீன் 415ல பதில் எழுதறப்ப, பாவமே செய்யாத மனுஷன் யாரும் இல்ல, ஆனா கன்னி மரியாவப் பத்தி மட்டும் ஆண்டவரோட மரியாதைக்காக பாவம்ங்கற பேச்சையே நான் எடுக்க விரும்பலன்னு ஒதுக்கி வச்சார். கர்மப் பாவத்துக்கு இது நல்ல சாட்சி, ஜென்மப் பாவத்தப் பத்தி அவர் அங்க எதுவும் முடிவு பண்ணல.

1854ல தான் தெரிஞ்சுதாங்கறதுக்கு வர்றேன். இல்ல. இங்கிலாந்துல 12ம் நூற்றாண்டுலயே எட்மர்னு கான்டர்பரி துறவி ஒருத்தர் இதுக்காக எழுதினார், முள்ளுத் தோலுக்குள்ள முள் குத்தாம வளர்ற செஸ்ட்நட் கொட்டைய உவமையா சொன்னார், நம்ம ஊரா இருந்தா பலாச்சுளையச் சொல்லியிருப்பார். அப்புறம் பிரான்சிஸ்கன்கள் ஆதரிச்சாங்க, தோமா அக்குவினாஸ் வழில போன டொமினிக்கன்கள் எதிர்த்தாங்க, இருநூறு வருஷத்துக்கு மேல கத்தோலிக்கருக்குள்ளயே சண்டை. 1483ல நாலாம் சிக்ஸ்துஸ் போப், ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் பதிதர், அதாவது விசுவாசத்த விட்டு விலகினவங்கன்னு சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போடற அளவுக்குப் போச்சு. 1497ல பாரீஸ் யுனிவர்சிட்டில பட்டம் வாங்கணும்னா அமல உற்பவத்தக் காப்பேன்னு சத்தியம் பண்ணணும். 1509ல சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல நாலு டொமினிக்கன் துறவிகள உயிரோட எரிச்சாங்க, மாதாவே தோன்றி "நான் ஜென்மப் பாவத்தோடதான் உற்பவிச்சேன்"னு சொன்னதா ஒரு பொய்க் காட்சிய ஜோடிச்சாங்கன்னு குற்றச்சாட்டு, நிஜமா ஏமாத்துனது அவங்களா, காட்சி கண்டேன்னு சொன்ன யெட்சர்ங்கற தையல்காரப் பையனான்னு சரித்திரம் எழுதறவங்க பின்னாடி கேள்வி கேட்டாங்க. மாதா பேரால நாலு உயிர் போச்சுன்னு நினைக்கறப்ப எனக்கு வயிறு கலங்குது. 1546ல திரெந்து சங்கம் ஜென்மப் பாவத்தப் பத்தி தீர்மானம் போட்டப்ப, இதுல கன்னி மரியாவச் சேர்க்கறது எங்க நோக்கம் இல்லன்னு ஒரு வரி போட்டு விட்டுட்டாங்க.

நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு. பாண்டிச்சேரி ஜென்மராக்கினி மாதா கோவில் அமல உற்பவ மாதாவுக்குக் கட்டினது, இப்ப இருக்கற கட்டடம் 1791ல முடிஞ்சது, போப் அறிவிக்கறதுக்கு 63 வருஷம் முன்னாடி. அமலோற்பவம்னு பாட்டிமாருக்குப் பேர் இருக்கறதும் யாழ்ப்பாணத்துல அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இருக்கறதும் இந்த நம்பிக்கைல இருந்து வந்ததுதான். 1849ல பத்திநாதர் உலகத்துல இருந்த ஆயர்கள்ட்ட உங்க ஜனங்க என்ன நம்பறாங்கன்னு எழுதிக் கேட்டார், பதில் போட்ட 603 பேர்ல 546 பேர் அறிவிக்கலாம்னாங்க. 1854ல அறிவிச்சு நாலு வருஷம் கழிச்சு 1858ல பிரான்ஸ்ல லூர்துல 14 வயசுப் பொண்ணு பெர்நதெத், எழுதப் படிக்கத் தெரியாதவ, "நாமே அமல உற்பவம்"ங்கற வார்த்தைய மறக்கக்கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே ஓடி பங்குச் சாமியார்ட்ட சொன்னா, அவளுக்கு அர்த்தம் தெரியல. நம்ம பங்குல இருக்கற கெபி அதோட ஞாபகம்தான். ஆனா இது தனி வெளிப்பாடு, படிப்பினைக்கு ஆதாரமா இதக் காட்டக்கூடாது, திருச்சபையும் காட்டல.

புராட்டஸ்டண்டுகளோட உண்மையான மறுப்பு எங்க இருக்குன்னா, மரியா பாவம் செஞ்சாங்கன்னு நிரூபிக்கறதுல இல்ல. வேதத்துல எழுதாத ஒண்ண, இத நம்பினாத்தான் நீ விசுவாசின்னு கட்டாயமாக்க ஒரு மனுஷனுக்கு அதிகாரம் இருக்காங்கறதுதான். லூத்தர் 1527ல இந்தத் திருநாளுக்குப் பண்ணின பிரசங்கத்துல, மரியாவோட ஆன்மா உடம்புக்குள்ள வந்தப்பவே ஜென்மப் பாவம் இல்லாம இருந்துச்சுன்னு கிட்டத்தட்ட நம்ம மாதிரியே பேசினார், பின்னாடி அந்தத் தெளிவு இல்ல, அவரோட கடைசி நிலைப்பாடு என்னன்னு அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகல. கால்வின் கடுமையா இருந்தார், மரியாவோட குறைகளச் சுட்டிக்காட்டத் தயங்கல. உங்க மாமியார் சபைக்கு ஆங்கிலிக்கன் வேர் இருக்கு, ஆங்கிலிக்கன் விசுவாச அறிக்கையான 39 கட்டுரைகள்ல 15வது கட்டுரையோட தலைப்பே கிறிஸ்து ஒருவரே பாவமில்லாதவர்ங்கறதுதான். எபிரெயர் 4:15 சொல்ற பாவமில்லாத தன்மை அவரோட தனி அடையாளம், அத இன்னொருத்தருக்குப் பகிர்ந்தா அவர் மகிமைல கை வைக்கறோமோங்கற பயம் அவங்களுக்கு. அது பக்தில இருந்து வர்ற பயம், அத மதிக்கணும். நம்ம பதில், கிறிஸ்து இயல்பாவே பாவமில்லாதவர், மரியா முழுக்க அவர் குடுத்த அருளால, நிலா வெளிச்சம் சூரியனோடது. இயேசு சுத்தமா பிறக்கணும்னா அம்மா சுத்தமா இருந்தே ஆகணும்னு மட்டும் சொல்லிராதீங்க, அப்ப பாட்டி, கொள்ளுப்பாட்டி, ஏவாள் வரைக்கும் போகணுமேன்னு உடனே கேப்பாங்க. அவசியம்னு திருச்சபை சொல்லல, பொருத்தம்னுதான் சொல்லுது.

2005ல ஆங்கிலிக்கன் கத்தோலிக்க கூட்டுக் குழு மரியாவப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு, அருள், நம்பிக்கைங்கற கோணத்துல பார்த்தா 1854 படிப்பினை வேதத்தோட ஒத்துப்போகுதுன்னு சொல்லலாம்னு அதுல இருந்துச்சு, ஆனா எல்லாரும் நம்பியே ஆகணுமாங்கற கேள்விய மூடல. உங்க வீட்டுச் சமாதானமும் இப்போதைக்கு அந்த இடத்துல நின்னா போதும்னு எனக்குத் தோணுது.

முட்டை ஓட்டுக்கு வர்றேன். அத உங்க மாமியார் சொல்லல, அவங்க சபையும் அப்படிச் சொல்லல, அத மனசுல வச்சுக்கோங்க. அந்தப் பிரசங்கியார் பேசுனது ரொம்பப் பழைய தப்பு. 2ம் நூற்றாண்டுல வலந்தினியர்னு ஒரு கூட்டம், குழாய் வழியா தண்ணி போற மாதிரி கிறிஸ்து மரியா வழியாப் போனார், அவங்ககிட்ட இருந்து எதுவும் எடுத்துக்கலன்னு சொன்னாங்க, இரனேயு அத எதிர்த்து எழுதினார். 16ம் நூற்றாண்டுல மென்னோ சீமோன்ஸ் இயேசுவோட சரீரம் மரியாவோட மாம்சத்துல இருந்து வரலன்னு சொன்னப்ப அத மறுத்து எழுதினவர் கால்வின், மாதாவ நம்ம மாதிரி வணங்காத அதே கால்வின். ஓடு குஞ்சுக்கு ரத்தம் குடுக்கறதில்ல. சிலுவைல சிந்துன ரத்தம் மரியா குடுத்த ரத்தம், அத விட்டுட்டா இயேசு மனுஷனானதே பொய்யாப் போயிரும், எந்த புராட்டஸ்டண்டும் அதுக்கு ஒத்துக்கமாட்டாங்க. உங்க மாமியார் சின்ன வயசுல இருந்து மாலை ஆராதனைல மரியாளின் பாட்ட பாடி வந்திருப்பாங்க, "இதோ, இதுமுதல் எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்", லூக்கா 1:48. ஒரு சாயங்காலம் அவங்க பைபிள்லயே அந்தப் பக்கத்தத் திறந்து, நீங்க இதப் பாடறப்ப என்ன நினைப்பீங்க அத்தைன்னு கேளுங்க, அங்க இருந்து பேச ஆரம்பிங்க.